நேத்தே அனுப்பிட்டேன்: இதில் ‘ஹேவ்’ எங்கே வரும்?

ஜூன் 3, காலை 9.15 (மடிப்பாக்கத்திலிருந்து ஒரு கேள்வி)

“ஐ ஹேவ் சென்ட் த ஃபைல் யெஸ்டர்டே” என்று மேலதிகாரிக்கு எழுதினேன். ‘ஹேவ்’ மேல் சிவப்புக் கோடு போட்டுத் திருப்பி அனுப்பிவிட்டார். அனுப்பினேன் என்றால் ‘சென்ட்’, அனுப்பிவிட்டேன் என்றால் ‘ஹேவ் சென்ட்’ என்றுதான் பள்ளியில் படித்தேன். நான் அனுப்பிவிட்டேன். நேற்று அனுப்பிய காரணத்தால் அது அனுப்பாததாக ஆகிவிடுமா? எங்கள் அலுவலகத்தில் பத்துக்கு ஒன்பது பேர் இப்படித்தான் எழுதுகிறார்கள். ஒன்பது பேர் எழுதினால் அதுதான் இங்கிலீஷ் என்பது என் கட்சி. மறுப்பவர்கள் மறுக்கலாம்.

ஜூன் 3, இரவு 11.40

மறுக்கிறேன். அந்த ஒன்பது பேரில் நானும் ஒருத்தியாக இருந்தவள் என்ற உரிமையில் மறுக்கிறேன். பழைய மகாபலிபுரம் சாலையில் ஒரு கண்ணாடிக் கட்டடத்தில் உட்கார்ந்து பதினோரு வருஷமாக அமெரிக்க வாடிக்கையாளர்களின் புகார்களுக்கு மெயிலில் பதில் எழுதுகிறேன். மாதத்துக்கு ஐந்து மெயிலை உருவி எடுத்து மார்க் போடுவதற்கென்றே ஒரு பிரிவு உண்டு. முதல் வருஷம் முழுக்க என் மார்க்கைத் தின்றது இந்த ஒரே தப்பு.

விதி சின்னதுதான். ‘யெஸ்டர்டே’, ‘லாஸ்ட் வீக்’, ‘டூ டேஸ் அகோ’, ‘இன் 2015’ என்று முடிந்துபோன நேரம் ஒன்றை வாக்கியத்தில் வைத்துவிட்டால் அங்கே ‘ஹேவ்’ நுழையக் கூடாது. வெறும் ‘சென்ட்’ என்கிற சிம்பிள் பாஸ்ட் மட்டும்தான். ‘ஹேவ் சென்ட்’டுக்குப் பிரசென்ட் பெர்ஃபெக்ட் என்று பெயர், அந்தப் பெயரிலேயே பிரசென்ட் இருக்கிறது. அந்த வீட்டில் நேற்றுக்கு இடமில்லை. ஒன்பது பேர் கட்சியெல்லாம் மார்க் போடுகிறவரிடம் எடுபடாது, நான் முயன்று பார்த்தேன்.

நமக்கு ஏன் இது வரமாட்டேன் என்கிறது? தமிழில் காலம் மூன்றுதான். ‘காலம் தாமே மூன்றென மொழிப’ என்று தொல்காப்பியம் சொல்லி முடித்துவிட்டது. இல்லாத நாலாவதை நம் தலையில் கட்டினால் தடுமாறத்தான் செய்வோம்.

ஜூன் 4, அதிகாலை 1.30

மேலே உள்ள கடைசிப் பத்தியை அடித்துவிடுங்கள். டீ குடிக்கப் போன இடத்தில் பக்கத்து சீட்டுத் தம்பி “சாப்டாச்சாக்கா?” என்றான். உறைத்தது.

சாப்பிட்டேன். சாப்பிட்டுவிட்டேன். சாப்பிட்டிருக்கிறேன். சாப்பிட்டிருந்தேன். சாப்பிட்டாயிற்று. சாப்பிட்டதுண்டு. ஆறும் முடிந்துபோன சாப்பாடுதான், ஆறுக்கும் ஆறு அர்த்தம். மூன்று காலம் என்பது வினைச்சொல்லின் உடம்பில் இருக்கும் கணக்கு. அதன் வாலில் விடு, இரு, ஆகு என்று நாம் கட்டித் தொங்கவிடும் துணைவினைகள் வேறு இலாகா. இங்கிலீஷ்காரன் ‘ஹேவ்’ ஒன்றை வைத்துக்கொண்டு சமாளிக்கிற வேலைக்கு நாம் நாலைந்து பேரைச் சம்பளத்துக்கு வைத்திருக்கிறோம். நம்மிடம் இல்லாததால் தப்பு வருகிறது என்பது அபாண்டம்.

அப்படியானால் எதனால் வருகிறது? தெரிந்தால் சொல்கிறேன். இப்போது பதினாலு புகார் டிக்கெட் வரிசையில் நிற்கிறது.

ஜூன் 4, மதியம் 2.00

அதுவரைக்கும் ஒரு மானக்கேடு. சேர்ந்து ஆறாவது வருஷம், புதிதாக வந்த அமெரிக்க மேலாளரிடம் வீடியோவில் ஒவ்வொருவராக அறிமுகம். என் முறை வந்ததும் “ஐ வொர்க்ட் ஹியர் ஃபார் சிக்ஸ் இயர்ஸ்” என்றேன். அவர் முகத்தில் உண்மையான வருத்தம். எப்போது கிளம்புகிறீர்கள், அடுத்து எங்கே என்று விசாரித்தார். நான் ஷிஃப்ட் முடிந்து கிளம்புவதைக் கேட்கிறார் என்று நினைத்து, “அட் த்ரீ தர்ட்டி, சார், கேப் வில் கம்” என்றேன்.

‘ஹேவ் வொர்க்ட்’ என்று சொல்லியிருந்தால் ஆறு வருஷம் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். ‘வொர்க்ட்’ என்றதும் அந்த ஆறு வருஷம் பெட்டியைக் கட்டிவிட்டது. ஒரு ‘ஹேவ்’ குறைந்ததற்கு என்னை வேலையை விட்டே அனுப்பிவிட்டார் மனிதர். மடிப்பாக்கம் சார் ஒரு ‘ஹேவ்’ கூடிப் போனதற்கு அழுகிறார், அவர் பரவாயில்லை.

ஜூன் 5, இரவு 10.20

இதைப் படித்த ஒருவர், “ஐ ஆம் வொர்க்கிங் ஹியர் சின்ஸ் 2018 என்பதும் இதே சாதியா?” என்று கேட்டிருக்கிறார். கிட்டத்தட்ட. இதில் நம் தமிழ் பாதி உதவுகிறது, பாதி கவிழ்க்கிறது.

உதவுவது: ‘2018-லிருந்து’ என்றால் சின்ஸ், ‘ஏழு வருஷமா’ என்றால் ஃபார். ‘இருந்து’வும் ‘ஆக’வும் இருக்கிறபோது ‘சின்ஸ் செவன் இயர்ஸ்’ என்று எழுத நமக்குக் காரணமே கிடையாது. கவிழ்ப்பது: ‘2018-லிருந்து இங்கே வேலை செய்கிறேன்’. செய்கிறேன் என்பது நிகழ்காலம், அதை அப்படியே தூக்கிக்கொண்டு போய் ‘ஐ ஆம் வொர்க்கிங்’ என்று இறக்கிவிடுகிறோம். நேற்று தொடங்கி இன்றும் ஓடுவதற்கு அவர்களுக்கு ‘ஹேவ் பீன் வொர்க்கிங்’ வேண்டும். நமக்கு நிகழ்காலமே போதும். இதில் பெரிய தத்துவம் ஏதுமில்லை, மனப்பாடம் செய்தால் தீர்ந்தது.

ஜூன் 6, காலை 7.10

இரவு ஷிஃப்ட் முடிந்து வந்து மூன்று மணி நேரம்தான் தூங்கினேன். அம்மா மொட்டை மாடிக்கு வற்றல் காயப்போடப் போனவள் கையில் தட்டோடு திரும்பி வந்தாள். “ராத்திரி மழை பெஞ்சிருக்குடீ.”

தூக்கம் போயே போய்விட்டது. கவனியுங்கள்: ராத்திரி, பெஞ்சிருக்கு. முடிந்துபோன நேரமும் ‘இருக்கு’வும் ஒரே வாக்கியத்தில் உரசிக்கொள்ளாமல் உட்கார்ந்திருக்கின்றன. இதை இங்கிலீஷில் ‘இட் ஹேஸ் ரெய்ன்ட் லாஸ்ட் நைட்’ என்றால் சிவப்புக் கோடு. ‘இட் ரெய்ன்ட் லாஸ்ட் நைட்’ என்றோ, ‘இட் மஸ்ட் ஹேவ் ரெய்ன்ட்’ என்றோதான் சொல்ல வேண்டும்.

அம்மா மழையைப் பார்க்கவில்லை, ஈரத்தைப் பார்த்தாள். பார்த்திருந்தால் ‘பெஞ்சுது’ என்றிருப்பாள். நம் ‘இருக்கு’ அங்கே வந்தது காலத்தைச் சொல்ல இல்லை, சாட்சியைச் சொல்ல. நான் கண்ணால் பார்க்கவில்லை, தடயம் இருக்கிறது என்று சொல்வதற்கு. வாட்ச்மேன் “நேத்து உங்களைத் தேடி யாரோ வந்திருக்காங்க” என்றால் அவர் டூட்டியில் இல்லை, அடுத்த ஷிஃப்ட்காரர் சொல்லித் தெரியும் என்று அர்த்தம். “நேத்து யாரோ வந்தாங்க” என்றால் அவரே கேட்டைத் திறந்துவிட்டிருக்கிறார்.

ஆக, ‘இருக்கிறேன் என்றால் ஹேவ்’ என்று எந்தப் பள்ளியில் சொல்லிக்கொடுத்தாலும் அது அரைக்கிணறு. ‘ஹேவ்’ கேட்பது ஒன்றுதான்: நீ சொல்லும் அந்த நேரம் இன்னும் திறந்திருக்கிறதா, மூடியாகிவிட்டதா? நீ பார்த்தாயா, கேள்விப்பட்டாயா என்று அது கேட்பதே இல்லை.

வற்றல் இன்று இல்லை.

ஜூன் 6, இரவு 11.55

மடிப்பாக்கம் சார் திரும்ப வந்து, “நான் ‘அனுப்பியிருக்கிறேன்’ பற்றிக் கேட்கவே இல்லை, ‘அனுப்பிவிட்டேன்’ பற்றித்தான் கேட்டேன். நீங்கள் மழை பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள்” என்று எழுதியிருக்கிறார். நியாயம்தான். காலையில் நான் பிடித்தது தப்பான ஆளை.

உண்மையான குற்றவாளி ‘விட்டேன்’. நடந்ததை அப்படியே போட்டுப் பாருங்கள். மேலதிகாரி மேசை ஓரம் வந்து “ஃபைல் அனுப்பியாச்சா?” என்கிறார். நம் வாயில் தானாக வருவது: “நேத்தே அனுப்பிட்டேன் சார்.” அந்த ‘நேத்தே’யில் உள்ள ஏகாரத்தைப் பாருங்கள். நீங்கள் இப்போது கேட்கிறீர்கள், நான் எப்போதோ முடித்துவிட்டேன் என்ற பெருமை முழுக்க அதில்தான் இருக்கிறது. ‘விட்டேன்’ வேலை முடிந்தது என்கிறது, ‘நேத்தே’ எவ்வளவு சீக்கிரம் முடிந்தது என்கிறது. இரண்டும் சேர்ந்தால்தான் தமிழில் பதில் நிறைவாக இருக்கும். இதைச் சொல்லுக்குச் சொல் இறக்கினால் ‘ஐ ஹேவ் சென்ட் இட் யெஸ்டர்டே’. அதாவது தப்பு அறியாமையால் வரவில்லை, நல்ல தமிழால் வருகிறது.

இங்கிலீஷில் இந்தப் பெருமையை ஒரே வாக்கியத்தில் ‘ஹேவ்’ போட்டு அடைக்க முடியாது. உடைத்துவிட வேண்டும். “யெஸ், ஐ ஹேவ். ஐ சென்ட் இட் யெஸ்டர்டே.” முதல் வாக்கியம் அனுப்பிவிட்டேன், இரண்டாவது நேற்று. முதலில் நிலவரம், அப்புறம் தேதி. நான் மார்க் இழப்பதை நிறுத்தியது இப்படி உடைக்கப் பழகிய பிறகுதான்.

செய்தித்தாளில் இது தினமும் நடக்கிறது. 2024 டிசம்பர் 12 அன்று நம் ஊர்ப் பையன் குகேஷ் சிங்கப்பூரில் உலக சதுரங்கப் பட்டத்தை ஜெயித்தார். அன்று செய்தி சொல்கிறவன் எப்படித் தொடங்குவான்? “குகேஷ் ஹேஸ் பிகம் த வேர்ல்ட் சாம்பியன்.” கதவைத் திறந்து சேதி சொல்லியாகிவிட்டது. அடுத்த வாக்கியத்திலேயே “ஹி பீட் டிங் லிரென் இன் த ஃபோர்டீன்த் கேம்.” பதினாலாவது ஆட்டம் என்று சொன்னதும் ‘ஹேஸ்’ இறங்கிப் போய்விட்டது. இனிமேல் வயது பதினெட்டு, ஏழரைக்கு ஆறரை என்று எத்தனை விவரம் வந்தாலும் சிம்பிள் பாஸ்ட்தான். இன்றைக்கு அதையே சொன்னால் முதல் வாக்கியமும் ‘பிகேம்... இன் 2024’ ஆகிவிடும்.

ஜூன் 8, மாலை 5.30

‘போயிருக்கார்’ பற்றி யாரும் கேட்கவில்லை. நானே சொல்கிறேன், சொல்லாவிட்டால் தூக்கம் வராது.

“சார் சிங்கப்பூர் போயிருக்கார்.” இப்போது அங்கே இருக்கிறாரா, என்றைக்கோ போய்விட்டு வந்துவிட்டாரா? தமிழில் சூழலைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். இங்கிலீஷ் இதற்கு மட்டும் கறாராக இரண்டு வைத்திருக்கிறது. ‘ஹேஸ் கான்’ என்றால் போனவர் இன்னும் திரும்பவில்லை. ‘ஹேஸ் பீன் டு’ என்றால் போய்த் திரும்பியாகிவிட்டது, அனுபவம் கைவசம் இருக்கிறது.

எங்கள் டீம் லீடர் 2019-இல் ஒரு முறை நியூஜெர்சி போய் வந்தவர். அங்கிருந்த வாடிக்கையாளர் ஒருவருக்கு, எங்கள் ஆளுக்கு உங்கள் ஊர் பழக்கம்தான் என்று காட்டிக்கொள்ள, “அவர் டீம் லீடர் ஹேஸ் கான் டு நியூஜெர்சி” என்று எழுதினேன். பத்தே நிமிஷத்தில் பதில்: அருமை, நாளை மதியம் சந்திக்க முடியுமா? டீம் லீடர் அப்போது துரைப்பாக்கம் சிக்னலில் நின்றுகொண்டிருந்தார்.

ஜூன் 9, அதிகாலை 2.10

மூடிய நேரம், திறந்த நேரம் என்று நான் பெரிய ஆள்போலச் சொன்னேன். யாருடைய நேரம் என்று ஒருவரும் கேட்கவில்லை.

இப்போது இங்கே மணி 2.10, தேதி 9. இரவு பதினொரு மணிக்கு ஒருவரோடு போனில் பேசினேன். எனக்கு அது நேற்று. அவருக்கோ நியூஜெர்சியில் அப்போது எட்டாம் தேதி மதியம் 1.30, இப்போது அதே எட்டாம் தேதி மாலை 4.40. அவருக்கு இன்றைய தினம் இன்னும் முடியவே இல்லை. நான் “ஐ ஸ்போக் டு யூ யெஸ்டர்டே” என்று எழுதினால் இலக்கணம் சுத்தம், சேதி பொய். “அஸ் வி டிஸ்கஸ்ட் ஏர்லியர் டுடே” என்று எழுதிவிட்டு வந்தேன். ராத்திரி ஷிஃப்ட்காரிக்கு நேற்று கூட சொந்தமில்லை.

‘திஸ் மார்னிங்’ இதைவிட வேடிக்கை. காலை பத்து மணிக்குச் சொன்னால் “ஐ ஹேவன்ட் ஹேட் காஃபி திஸ் மார்னிங்”. காலை இன்னும் மிச்சம் இருக்கிறது, காபிக்கு வாய்ப்பும் இருக்கிறது. பிற்பகல் மூன்றுக்குச் சொன்னால் “ஐ டிடன்ட் ஹேவ் காஃபி திஸ் மார்னிங்”. காலை மூடிவிட்டது, இனி அந்தக் காபி கிடையாது. வார்த்தை அதே ‘திஸ் மார்னிங்’, கடிகாரம்தான் வினைச்சொல்லை மாற்றுகிறது. எங்கள் வீட்டில் காலை எப்போது மூடும் என்பதை அம்மா தீர்மானிக்கிறாள். டிகாக்‌ஷன் தீர்ந்தால் மூடியது.

ஜூன் 10, மதியம் 1.15

“ஹேட் யுவர் லன்ச்?” என்று கேட்பது பாஸ்ட்டா, பெர்ஃபெக்ட்டா என்று கேட்டவருக்கு: ‘ஹேவ் யூ ஹேட் யுவர் லன்ச்’ என்பதன் முன்பாதியைச் சென்னை தின்றுவிட்டது. மீதியைச் சாப்பிட்டாயா என்று கேட்கிறது. பதிலாக “ஹேட், ஹேட்” என்றால் போதும், உலகத்தில் வேறு யாருக்கும் புரியாது.

ஜூன் 12, இரவு 9.00

அப்பா இந்தப் பக்கத்தைப் படித்துவிட்டார். பிரச்சினை.

அப்பா அரசு அலுவலகத்தில் முப்பத்து நாலு வருஷம் கடிதம் எழுதி ஓய்வு பெற்றவர், டைப்ரைட்டிங் ஹையர் பாஸ். எங்கள் தெருவில் யாருக்கு மனு எழுத வேண்டுமானாலும் எங்கள் வீட்டுத் திண்ணைக்குத்தான் வருவார்கள். அவர் எழுத்தில் நேற்று நடந்தது, போன மாதம் நடந்தது எல்லாவற்றுக்கும் ஒரே மருந்து: ‘ஹேட்’. இப்போதும் ஒரு குழாய் இணைப்புக்காக எழுதிய கடிதம் மேசைமேல் கிடக்கிறது. “ஐ ஹேட் சப்மிட்டெட் மை அப்ளிகேஷன் ஆன் 12 மே. ஐ ஹேட் ஆல்சோ மெட் த கன்சர்ன்ட் ஆஃபீசர்.”

‘ஹேட் சப்மிட்டெட்’ என்பது பாஸ்ட் பெர்ஃபெக்ட். அது தனியாக நிற்கக் கூடாது, அதற்குப் பிறகு நடந்த இன்னொரு பழைய சம்பவம் பக்கத்தில் வேண்டும். ‘நான் போய்ச் சேர்வதற்குள் ரயில் கிளம்பிவிட்டிருந்தது’ மாதிரி: இரண்டு இறந்தகாலம், அதில் முந்தியதற்கு ‘ஹேட்’. தேதி போட்ட ஒற்றைச் சம்பவத்துக்கு ‘சப்மிட்டெட்’ போதும் என்றேன்.

அப்பா சொன்னது: “வெறும் ‘சப்மிட்டெட்’னு போட்டா கொடுத்தான், சரி, அதுக்கென்னன்னு போயிடுவான். ‘ஹேட்’ போட்டாத்தான் கொடுத்திருந்தேனே, என்னய்யா பண்ணினன்னு கேட்கிற மாதிரி இருக்கும்.”

நான் வாயை மூடிக்கொண்டேன். அவர் இங்கிலீஷ் பேசவில்லை, ‘மனு அளித்திருந்தேன்’ என்பதைத்தான் எழுதியிருக்கிறார். தமிழில் ‘அளித்தேன்’ என்றால் முடிந்தது. ‘அளித்திருந்தேன்’ என்றால் அதன் முதுகில் ஒரு ‘ஆனால்’ உட்கார்ந்திருக்கிறது. “உன்கிட்ட சொல்லியிருந்தேனே” என்று யாராவது ஆரம்பித்தால் நமக்கு வயிறு கலங்குவது அதனால்தான். அந்த ஆதங்கத்தை இங்கிலீஷ் ‘ஹேட்’ சுமக்காது. நம் ஊர் இங்கிலீஷ் சுமக்கும், வெளியூர்க்காரனுக்கு அது இறங்காது. அவனுக்கு ஆதங்கம் வேண்டுமென்றால் “ஐ சப்மிட்டெட் மை அப்ளிகேஷன் ஆன் 12 மே அண்ட் ஹேவ் நாட் ரிசீவ்ட் எ ரிப்ளை” என்று எழுத வேண்டும். கொடுத்தது மூடியது, பதில் வராதது இன்றுவரை திறந்திருக்கிறது. என்ன கோபமோ அது அந்த ‘ஹேவ் நாட்’டில் இருக்கிறது.

அப்பா யோசிக்கிறேன் என்று சொல்லியிருக்கிறார். அவர் அலுவலகத்தில் அதற்கு நிராகரிப்பு என்று பெயர்.

ஜூன் 13, இரவு 11.20

அப்பாவின் கடிதத்தால் ஒன்று பிடிபட்டது. 6-ஆம் தேதி ‘விட்டேன்’ தான் குற்றவாளி என்று அடித்துச் சொன்னேன். அது உடந்தை மட்டும்தான். பெரிய தலை ‘இல்லை’.

‘வந்தான், வந்துவிட்டான், வந்திருக்கிறான்’ என்று உடன்பாட்டில் இத்தனை பிரித்து வைத்திருக்கிற நாம், எதிர்மறைக்குப் போனதும் சட்டென்று கைவிரித்துவிடுகிறோம். ‘வரவில்லை.’ நேற்று வரவில்லை. இன்னும் வரவில்லை. இரண்டுக்கும் அதே ‘வரவில்லை’. முன்னால் இருக்கும் நேற்றும் இன்னுமும்தான் வேலை செய்கின்றன. ‘வந்ததில்லை’, ‘வந்திருக்கவில்லை’ என்று இருக்கிறதுதான். ஆனால் இன்னும் பார்சல் வராத ஒருவன் வாயில் அது வராது.

இங்கிலீஷ் இங்கே விடாப்பிடியாகப் பிரிக்கிறது. நேற்று வரவில்லை: ‘டிடன்ட் கம்’. இன்னும் வரவில்லை: ‘ஹேஸன்ட் கம் யெட்’. என் பழைய மெயில்களைத் தோண்டினேன். முதல் வருஷத்தில் ‘ஹேவ் சென்ட் யெஸ்டர்டே’ எத்தனை இருந்ததோ அதைவிட அதிகம் ‘வி டிட் நாட் ரிசீவ் யுவர் பேமென்ட்’ என்பதுதான். படிக்கிறவருக்கு என்ன தோன்றும்? கெடு முடிந்தது, கணக்கை மூடிவிட்டார்கள் என்றுதான். நான் சொல்ல வந்ததோ ‘இன்னும் வரலைங்க, வந்ததும் சரியாகிவிடும்’. ‘வி ஹேவ் நாட் ரிசீவ்ட்’ என்றிருந்தால் கதவு திறந்தே இருந்திருக்கும். நான் சாந்தமாக எழுதியதாக நினைத்த மெயிலுக்கெல்லாம் அவர்கள் ஏன் அப்படி எகிறினார்கள் என்பது இன்றுதான் விளங்குகிறது.

சோதித்துப் பார்க்க ஒரு வழி: எதிர்மறை எழுதும்போது தமிழில் ‘இன்னும்’ சேர்த்துச் சொல்லிப் பாருங்கள். ஒட்டினால் ‘ஹேவ் நாட்’. ஒட்டாவிட்டால் ‘டிட் நாட்’.

ஜூன் 15, மாலை 6.40

‘ஒட்டினால்’ என்று நான் சொன்னது எங்கள் மாடியிலேயே பாதிப் பேருக்குப் பொருந்தாது என்று பக்கத்து சீட்டுத் தம்பி சண்டைக்கு வந்தான். அவன் லண்டன் வாடிக்கையாளர்களைப் பார்க்கிற பிரிவிலிருந்து மாறி வந்தவன். அவன் சொல்வது சரிதான். அமெரிக்கர்கள் பேச்சில் “டிட் யூ ஈட் யெட்?”, “ஐ ஆல்ரெடி டோல்ட் ஹிம்” என்று ‘யெட்’, ‘ஆல்ரெடி’, ‘ஜஸ்ட்’டோடு சிம்பிள் பாஸ்ட் தாராளமாகப் போடுவார்கள். பிரிட்டிஷ் பழக்கத்தில் அங்கேயெல்லாம் ‘ஹேவ்’ வரும். நாம் படித்தது பிரிட்டிஷ் பாடம், எனக்குச் சம்பளம் அமெரிக்க வாடிக்கையாளரிடமிருந்து. எழுதும்போது ‘ஹேவ்’ போட்டுவிட்டால் இரண்டு ஊரிலும் தப்பில்லை. ‘யெஸ்டர்டே’யோடு போட்டால் இரண்டு ஊரிலும் தப்பு. இதில் மட்டும் அவர்களுக்குள் சண்டை கிடையாது.

இன்னொன்று. ஒருவர் தன் மகளின் பள்ளிக் கட்டுரையில் “பாரதி ஹேஸ் லிவ்ட் இன் ட்ரிப்ளிகேன்” என்பதை ஆசிரியை அடித்துவிட்டார், தேதி எதுவும் இல்லையே என்கிறார். தேதி இல்லை, ஆனால் பாரதி 1921-லேயே போய்விட்டார். துளசிங்கப் பெருமாள் கோயில் தெருவில் வீடு இன்றும் இருக்கிறது, குடியிருந்தவர் இல்லை. எழுவாயாக இருக்கிற ஆள் மறைந்துவிட்டால் அவர் வாழ்க்கைச் சம்பவங்களும் மூடிய நேரமாகிவிடுகின்றன. ‘லிவ்ட்’ தான். சதுரங்க ஆனந்த் நம்மோடு இருக்கிறார், அதனால் “ஆனந்த் ஹேஸ் வன் ஃபைவ் வேர்ல்ட் டைட்டில்ஸ்” சரி. அதே ஆனந்த் சென்னையிலேயே கார்ல்சனிடம் தோற்றதைச் சொல்ல 2013 வந்துவிடும், ‘லாஸ்ட்’ என்று துக்கத்தோடு முடிக்க வேண்டியதுதான்.

ஆனால் “பாரதி ஹேஸ் இன்ஸ்பையர்ட் மெனி பொயட்ஸ்” என்று அந்தக் குழந்தை எழுதினால் ஆசிரியை அடிக்கக் கூடாது. ஆள் போனாலும் அந்த வேலை இன்னும் நடக்கிறது.

ஜூன் 17, இரவு 8.25

தலைப்பிலிருந்து விலகுகிறேன், பொறுத்துக்கொள்ளவும். கேப் டிரைவர் போனில் “வந்துட்டேன் மேடம், வந்துட்டேன்” என்றார். வண்டியின் புள்ளி கத்திப்பாராவில் நிற்கிறது. இது எந்த டென்ஸ்?

கேலியாக நினைத்துத்தான் எழுத ஆரம்பித்தேன். ஆனால் தொல்காப்பியம் இதற்கும் ஒரு நூற்பா ஒதுக்கியிருக்கிறது. இனிமேல் நடக்கப்போவதையும் இப்போது நடப்பதையும் அவசரத்தில் இறந்தகாலத்தில் சொல்வது உண்டு, அது ‘விரைந்த பொருள’ என்கிறது. உரைக்காரர் காட்டும் ஆள், கையில் சோறு வைத்துக்கொண்டே ‘உண்டேன் போந்தேன்’ என்று வெளியே நிற்பவனுக்குக் குரல் கொடுக்கிறான். ஆக, டிரைவர் பொய் சொல்லவில்லை, இலக்கணப்படி பேசியிருக்கிறார். இருபத்தைந்து நிமிஷம் கழித்து வந்தார். அதையே இங்கிலீஷில் ‘ஐ ஹேவ் கம்’ என்று சொல்லியிருந்தால்தான் பொய்.

ஜூன் 20, காலை 11.00

மடிப்பாக்கம் சார், உங்கள் மேலதிகாரி மறுபடி கோடு போட்டாரா என்று எழுதுங்கள்.

இங்கே நிலவரம்: அப்பா போன வாரம் அந்தக் கடிதத்தைத் திருத்தினார். ‘சப்மிட்டெட் ஆன் 12 மே’ என்று ஒழுங்காக மாற்றி, ‘ஹேவ் நாட் ரிசீவ்ட் எ ரிப்ளை’யும் சேர்த்தார். அதிகாரியைப் பார்த்ததற்கு மட்டும் ‘ஹேட் ஆல்சோ மெட்’ அப்படியே இருந்தது. அதைத் தொட விடவில்லை. நேரில் போய்க் கொடுத்துவிட்டு வந்தார்.

இன்று பதில் வந்திருக்கிறது. வந்திருக்கிறது என்றால், நான் தூங்கி எழுவதற்குள் வந்து மேசைமேல் கிடக்கிறது, சாட்சிப் பொருளோடு. முத்திரை, கையெழுத்து எல்லாம் உண்டு. நடுவில் ஒரே ஒரு வாக்கியம்: “யுவர் அப்ளிகேஷன் ஹேஸ் பீன் ஃபார்வர்டெட் ஆன் 16 ஜூன்.”

அப்பா என் சிவப்புப் பேனாவை எடுத்து ‘ஹேஸ் பீன்’ மேல் நிதானமாகக் கோடு கிழித்து, மேலே ‘வாஸ்’ என்று எழுதி, பக்கத்தில் தேதியோடு சுருக்கொப்பம் போட்டார். அப்புறம் ஃபைலில் வைத்துக் கட்டிவிட்டார். தண்ணீர் இன்னும் வரவில்லை.